மரத்துக்கு யார் டாக்டர்?

இந்த வருஷம் நம்ம ப்ளேஸ்மென்ட் நோட்டீஸ் போர்டுல என்னென்ன வேலை வந்திருக்குன்னு ஒரு தடவை நின்னு பாருங்க. டெவலப்பர், டெஸ்டிங், சப்போர்ட், கோர் கம்பெனி ரெண்டு மூணு. இந்தக் கட்டுரை அந்த போர்டுல இல்லாத ஒரு வேலையைப் பத்தினது. மரத்துக்கு என்ன நோய், அது பிழைக்குமா, வெட்டணுமா, காத்துக்கு நிக்குமா, விழுமா என்று பார்த்துச் சொல்ற வேலை. வெளிநாடுகள்ல இவங்களை ஆர்பரிஸ்ட்னு சொல்றாங்க. அதுலயும் மர நோய்க்குன்னே தனியா தேர்ந்தவங்க உண்டு. தமிழ்ல எல்லாருக்கும் பழகின ஒரு பேர் இதுக்கு இல்லை. இங்கே நான் 'மர வைத்தியர்'னே சொல்லிக்கிறேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். தேனி மாவட்டத்துக்கு, குறிப்பா கம்பம் பள்ளத்தாக்குக்கு, இந்த வேலை இன்னைக்கே தேவை. அதுக்கான பாதி ஆட்கள் ஏற்கெனவே இங்கே இருக்காங்க. மீதியை உருவாக்குறதுல இன்ஜினியரிங் படிக்கிற நமக்கும் பங்கு இருக்கு. ஆனா அந்தப் பங்கு, நாம வழக்கமா நினைச்சுக்கிற பங்கு இல்லை.

நூறு வருஷம் ஆள் யாருன்னு தெரியாத நோய்

முதல்ல தென்னையை எடுத்துக்குவோம். கேரள வேர் வாடல் நோய்னு ஒண்ணு. 1882-ல் வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில இது கவனிக்கப்பட்டதா பதிவு இருக்கு. 1908-ல் பூசா ஆராய்ச்சி நிலையத்துல இருந்த எட்வின் ஜான் பட்லர் திருவிதாங்கூர் தென்னந்தோப்புகளை ஆராய்ஞ்சு அறிக்கை எழுதினார். இந்தியாவுல பயிர் நோயியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர். அவராலயும் காரணத்தை முடிவாச் சொல்ல முடியல. பூஞ்சையா, பாக்டீரியாவா, வைரஸா, மண்ணுல சத்துக் குறைவான்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டுக்கிட்டே பல பத்தாண்டு போச்சு. 1983-ல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களோட விடை வந்தது. ஃபைட்டோபிளாஸ்மா. செல் சுவரே இல்லாத ஒரு வகை பாக்டீரியா. மரத்தோட உணவு ஓடுற குழாய்க்குள்ள குடியிருக்கும். லேப்ல தனியா வளர்க்கிறது ரொம்பக் கஷ்டம். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரு தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் இதைக் கொண்டு போகுது.

அந்தப் பூச்சிக்கு குமுளி செக்போஸ்ட்டும் தெரியாது, கம்பம் மெட்டும் தெரியாது. கேரள எல்லையை ஒட்டின தேனி, கோவை, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கத் தோப்புகள்ல இந்த நோய் இருக்கு.

இதுல சிக்கல் என்னன்னா, இந்த நோய் மரத்தைச் சட்டுனு கொல்லாது. ஓலையோட இதழ்கள் உள்பக்கமா வளைஞ்சு, எலும்பும் தோலுமா இருக்கிறவன் விலா மாதிரி தெரியும். அடுத்து மஞ்சள், ஓரம் கருகல், குரும்பை உதிர்வு. காய் வருஷா வருஷம் குறையும். ஆனா மரம் நிக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. ரொம்ப முத்திப் போய் வருஷத்துக்கு 10 காய்கூடத் தராத மரத்தை எடுத்துட்டு, மத்ததுக்கு உரம், தொழுவுரம், தண்ணீர்னு ஊட்டம் கொடுத்துக் காப்பாத்துங்க என்பதுதான் ஆராய்ச்சி நிலையங்கள் சொல்ற வழி. நோயைத் தாங்குற கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா மாதிரி ரகங்களை மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கு.

இப்போ உங்க தாத்தா வெச்ச தோப்புன்னு நினைச்சுக்குங்க. 40 வருஷ மரம். இன்னும் நாலு காய் தொங்குது. இதை வெட்டுங்கன்னு யார் வந்து சொன்னா நீங்க நம்புவீங்க? பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னா சண்டை வரும். வியாபாரி சொன்னா 'விறகுக்கு அலையறான்'னு தோணும். அதே மாதிரி இலை மஞ்சளான ஒவ்வொரு மரமும் வேர் வாடல் கிடையாது. சத்துக் குறைவா இருக்கலாம். தஞ்சாவூர் வாடலா இருக்கலாம். தஞ்சாவூர் வாடல்னா கானோடெர்மா என்கிற பூஞ்சை. 1952 வாக்குல தஞ்சாவூர்ப் பக்கம் பெருசா தெரிஞ்ச நோய், அதான் அந்தப் பேர். அடித்தண்டுல செம்பழுப்பா சாறு வடியும். அதுக்கு வைத்தியம் உண்டு: மரத்தைச் சுத்தி அகழி வெட்டித் தனிமைப்படுத்தலாம், வேப்பம்புண்ணாக்கு போடலாம், போர்டோ கலவை ஊத்தலாம், வேர் வழியா பூஞ்சைக்கொல்லி ஏத்தலாம். ரெண்டு நோயையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா, பிழைக்க வேண்டிய மரம் வெட்டுப்படும். போக வேண்டிய மரம் நின்னு பக்கத்து மரங்களுக்குப் பரப்பும்.

மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி

இப்போ விவசாயி யார்கிட்ட கேட்கிறார்? வேளாண் துறை அலுவலர்கள் இருக்காங்க, ஆனா ஒருத்தர் பார்க்க வேண்டிய பரப்பு பெருசு. பெரியகுளத்துல தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. ஆனைமலையான்பட்டியில திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. காமாட்சிபுரத்துல வேளாண் அறிவியல் மையம் இருக்கு. நல்ல இடங்கள்தான். ஆனா செவ்வாய்க்கிழமை காலையில கொடியில வெள்ளையா ஏதோ படர்ந்திருக்குன்னா, ஒரு இலையைப் பறிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நேரா போறது பூச்சிமருந்துக் கடைக்கு. கடைக்காரர் பார்ப்பார், டப்பா எடுத்துக் கொடுப்பார்.

கடைக்காரர் கெட்டவர்னு நான் சொல்லல. நிறைய பேர் அனுபவசாலிங்க, கடனுக்கும் கொடுக்கிறவங்க. ஆனா டாக்டரும் மெடிக்கல் ஷாப்பும் ஒரே ஆளா இருக்கிற ஏற்பாடு மனுஷனுக்கு வேண்டாம்னு நாம முடிவு பண்ணியிருக்கோம். மரத்துக்கு மட்டும் அதுவே போதும்னு விட்டுட்டோம்.

இதுல என்ன கோளாறுன்னு சுருள் வெள்ளை ஈ காட்டிக் கொடுத்துச்சு. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதல்ல கண்ட இந்தப் பூச்சி சில வருஷத்துல தென்னை இருக்கிற இடமெல்லாம் பரவிச்சு. ஓலையோட அடியில உக்காந்து சாறு உறிஞ்சும். அது விடுற பிசுபிசுப்பு கீழ் ஓலையில விழுந்து, அது மேல கரும்பூசணம் படிஞ்சு, தோப்பே கரி பூசின மாதிரி ஆகும். பார்க்கிறவங்களுக்கு வயிறு எரியும். உடனே ஏதாவது அடிக்கணும்னு தோணும். ஆனா ஆராய்ச்சியாளர்கள் சொன்னது வேற: ரசாயன மருந்து அடிக்காதீங்க. ஏன்னா என்கார்சியா என்கிற பொடி ஒட்டுண்ணிக் குளவி இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வெச்சு அதைக் கட்டுப்படுத்துது. மருந்து அடிச்சா முதல்ல சாகிறது அந்தக் குளவி. தண்ணியை வேகமா பீய்ச்சுங்க, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்க, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளிங்க. அவ்வளவுதான்.

'அடிக்காதீங்க' என்கிற சீட்டை எந்தக் கடையும் விற்க முடியாது. அதை எழுதிக் கொடுக்க, மருந்து விற்காத ஒருத்தர் வேணும். பார்த்துச் சொன்னதுக்கு மட்டும் ஃபீஸ் வாங்குற ஒருத்தர். இந்த வேலை ஏன் வேணும்னு யாராவது கேட்டா என்னோட முதல் பதில் இதுதான்.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்

இங்கே நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியும். "இதுக்குத்தான் ஏ.ஐ. இருக்கே! இலையை போட்டோ எடுத்தா நோய் பேர் சொல்ற ஆப் பண்ணிட்டா போச்சு." எந்தக் காலேஜோட ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்தாலும் 'தாவர நோய் கண்டறிதல்'னு ஒரு டீமாவது இருக்கும். பெரும்பாலும் டேட்டாசெட் பிளான்ட்வில்லேஜ். அதுல 54,306 படம், 14 பயிர், 38 வகுப்பு. 2016-ல் வந்த ஆய்வுல அதை வெச்சுப் பயிற்சி கொடுத்த மாடல் 99.35 சதவீதம் சரியாச் சொல்லிச்சு. ரிவ்யூல எல்லாரும் காட்டுற நம்பர் இந்த ரகம்தான். ஆனா அதே ஆய்வுல இன்னொரு நம்பரும் இருக்கு. வேற சூழல்ல எடுத்த படங்களைக் கொடுத்தப்போ அது சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. காரணம் லேசானது. டேட்டாசெட் படங்கள் பறிச்ச இலையைச் சீரான பின்னணியில வெச்சு எடுத்தவை. தோட்டத்துல வெயில், நிழல், தூசி, ஒரே இலையில ரெண்டு நோய் எல்லாம் இருக்கும்.

அதைவிட முக்கியமா ஒண்ணு. அந்த 14 பயிர்ல தென்னை இல்லை. ஏலக்காய் இல்லை. வாழை இல்லை. மா இல்லை. திராட்சை இருக்கே என்று சந்தோஷப்படாதீங்க. அதுல இருக்கிற திராட்சை நோய்கள் கருப்பழுகல், எஸ்கா, ஒரு இலைக்கருகல். கம்பம் விவசாயி மழைக்காலத்துல பயப்படுற அடிச்சாம்பல் நோய் அதுல இல்லவே இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையோட தோட்டத்துல போய் அந்த ஆப்பைத் திறந்தா, அது தனக்குத் தெரிஞ்ச நாலு பேர்ல ஒரு பேரை அடிச்சு விடும். தெரியலன்னு சொல்லத் தெரியாத டாக்டர் அது.

அடிச்சாம்பல் நோயோட கதை தெரிஞ்சா இன்னும் உறைக்கும். அமெரிக்காவுல இருந்து பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களுக்கு 1878 வாக்குல அது போய்ச் சேர்ந்தது. ரோட்டோரக் கொடிகள்ல திருடாம இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிச்சிருந்தாங்க. அந்தக் கொடிகள் மட்டும் நோயில்லாம பச்சையா நிக்கிறதை மில்லார்டே என்கிற பேராசிரியர் கவனிச்சார். 1885-ல் போர்டோ கலவை வந்தது. இன்னைக்கும் நம்ம பள்ளத்தாக்குல அது ஓடுது. அவர்கிட்ட டேட்டாசெட் இல்லை. தோட்டத்துக்கு நடந்து போனார், பார்த்தார், ஏன்னு கேட்டார்.

மாடல் வேண்டாம்னு நான் சொல்லல. முதல்ல நம்ம ஊர் இலையைப் படம் எடுக்கணும். நோயியல் படிச்ச ஒருத்தர் அது என்னன்னு உறுதி பண்ணணும். அப்புறம்தான் மாடல். இந்த வேலையில நோய் கண்டுபிடிக்கிறவர் அவர்தான், நாம உதவியாளர். இதை ஏத்துக்கிட்டா நிறைய செய்யலாம்.

நம்ம பாடம் எங்கே உதவும்?

இதுக்கு ரோட்டோரப் புளியமரம் பக்கம் வாங்க. அடியில பொந்து விழுந்திருக்கு. உடனே 'உள்ளே காலி, விழுந்துடும், வெட்டு' என்று ஒரு குரல். 'தாத்தா காலத்து மரம், தொடக்கூடாது' என்று இன்னொரு குரல். ரெண்டு பேரும் கணக்குப் போடல.

நாம போடலாம். மரத்தோட ஆரம் 50 செ.மீ., உள்ளே பொந்து 35 செ.மீ. ஆரம், சுத்தி நிக்கிற நல்ல கட்டை 15 செ.மீ. குறுக்குவெட்டுப் பரப்புல 49 சதவீதம் போச்சு, அதாவது பாதி மரம் காலி. ஆனா வளைவைத் தாங்குற திறன் ஆரத்தோட நாலாம் அடுக்கைப் பொறுத்தது. 0.7-ஐ நாலாம் அடுக்குக்கு உயர்த்தினா 0.24. போனது 24 சதவீதம்தான், 76 சதவீத பலம் மிச்சம் இருக்கு. செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்தான் இது, புதுசா ஒண்ணும் இல்லை.

ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவில இருந்த கிளாஸ் மாத்தெக் என்கிற இயற்பியலாளர் இந்த வழியிலதான் போனார். நின்ன மரம், முறிஞ்ச மரம் எல்லாத்தையும் அளந்து, சுவர்த் தடிமன் ஆரத்துல 0.3 பங்குக்குக் கீழே போனா எச்சரிக்கைன்னு சொன்னார். இந்த 0.3 எல்லா மரத்துக்கும் பொருந்துமான்னு துறைக்குள்ள சர்ச்சை உண்டு. வேர் அழுகியிருந்தாலோ பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தாலோ இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஆனா அவர் கொடுத்த பெரிய விஷயம், மரத்தோட உடம்பைப் படிக்கிற முறை. எங்கே வீங்கியிருக்கு, எங்கே விலா மாதிரி புடைச்சிருக்குன்னு பார்த்தா, உள்ளே எங்கே பலவீனம்னு தெரியும். மரம் தன் மேல வர்ற அழுத்தத்தைச் சமமா பரப்பிக்க வளர்றதைப் பார்த்து, இயந்திர பாகங்களை வடிவமைக்கிற கம்ப்யூட்டர் முறைகளையும் உருவாக்கினார். மெக்கானிக்கல்காரங்க கவனிக்க.

உள்ளே பார்க்கக் கருவிகளும் உண்டு. தண்டைச் சுத்தி சென்சார் மாட்டி, தட்டி, ஒலி எவ்வளவு நேரத்துல போய்ச் சேருதுன்னு அளந்து படம் போடுறது ஒண்ணு. மெல்லிய ஊசியால துளைச்சுக்கிட்டே எதிர்ப்பை கிராஃபா வரையுறது இன்னொண்ணு. முதலாவது முழுக்க நம்ம இ.சி.இ. லேப் சமாச்சாரம். சென்சார், டைமிங், சிக்னல் ப்ராசஸிங். விலை குறைச்சு இங்கேயே செய்ய ஒரு டீம் முயற்சி பண்ணினா அது ப்ராஜெக்ட்.

இன்னொரு பேரும் தெரிஞ்சுக்குங்க. அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால நீளவாக்குல பிளந்து பார்த்தவர். மரத்துக்குக் காயம் நம்மள மாதிரி ஆறாது, அது சுத்திலும் சுவர் கட்டி அழுகலை உள்ளேயே அடைச்சு வைக்கும்னு விளக்கினார். அந்த விளக்கம் 1977-ல் வெளிவந்தது. கிளை தண்டோட சேர்ற இடத்துல கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அதைச் சேர்த்து வெட்டினா சுவர் கட்டுற இடமே போயிடும். கரண்ட் கம்பியில படுதுன்னு நம்ம தெருவுல கிளை வெட்டுற விதத்தை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. நாலு வருஷம் கழிச்சு வர்ற பொந்து அன்னைக்கு வெட்டுனதுதான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

முதல் கேள்வி: சம்பளம். ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டரோட போட்டி போடாது. முதல் சில வருஷம் கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பல. வீட்டுல "பி.இ. படிச்சுட்டு மரம் ஏறப் போறியா?"ன்னு கேட்பாங்க. எங்க வீட்டுலயும் கேட்பாங்க.

ரெண்டாவது: இது அக்ரி படிச்சவங்க வேலை. பாதி உண்மை. பி.இ. முடிச்சிட்டு நேரா பயிர் நோயியல்ல எம்.எஸ்சி. சேர முடியாது, அதுக்கு அக்ரி அல்லது ஹார்ட்டி இளங்கலை வேணும். ஆனா சர்வதேச ஆர்பரிஸ்ட் சங்கம்னு 1924-ல் தொடங்கின ஒரு அமைப்பு இருக்கு. அதோட சான்றிதழ்த் தேர்வு கள அனுபவத்தைக் கணக்குல எடுக்குது. மூணு வருஷம் முழுநேரம் மர வேலை செஞ்சவங்க எழுதலாம். இந்தியாவுல அதை வாங்கினவங்க ரொம்பக் கம்மி.

மூணாவது: யார் காசு கொடுப்பா? தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்'னு ஒரு பயிற்சியைத் தொடங்குச்சு. ஆறு நாள் பயிற்சி, ஏறுற கருவி. மரம் ஏற ஆள் இல்லன்னு புலம்பின இடத்துல, ஒரு பேரும் ஒரு சான்றிதழும் கொடுத்ததும் அது தொழிலா மாறிச்சு. அதே மாதிரி, ஏலத்தோட்டத்துல மழைக்கு முன்னாடி நிழல் மரம் கவாத்து பண்றவங்களைப் பாருங்க. போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியா தினமும் ஜீப்புல மலையேறுற கூட்டத்துல அவங்க இருக்காங்க. எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை மோசம்னு கால் வெச்சதும் சொல்வாங்க. உலகத்துல எங்கேயும் ஆர்பரிஸ்ட்டோட பாதி வேலை அதுதான். அவங்களுக்கு நாம 'கூலி'ன்னு பேர் வெச்சிருக்கோம். பாதி ஆட்கள் ஏற்கெனவே இருக்காங்கன்னு முதல்ல சொன்னது இவங்களைத்தான்.

என்ன செய்யலாம்?

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கிச்சு. மாநிலத்தோட பசுமைப் பரப்பை 33 சதவீதமா ஆக்குறது இலக்கு. நல்லது. ஆனா நடுறதுக்கு விழா இருக்கு, நட்டது நோய்ல விழுந்தா கூப்பிட ஒரு நம்பர் இல்லை. அரசு செய்ய வேண்டியது ரெண்டு. பெரியகுளம் மாதிரி இடத்துல ஆறு மாசச் சான்றிதழ்ப் படிப்பு ஒண்ணு. கவாத்து பண்றவங்களும் சேரணும், டிகிரி முடிச்சவங்களும் சேரணும், தமிழ்ல நடக்கணும். அடுத்து, பொது இடத்து மரத்தை வெட்ட அனுமதி கேட்டு வர்ற ஒவ்வொரு மனுவோடவும் மர வைத்தியர் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒண்ணு இருக்கணும்னு விதி. அந்த ஒரு விதி வந்தா வேலைக்கும் ஆளுக்கும் வழி பிறக்கும். தோப்புகளுக்கு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உறுப்பினர் சந்தாவுல இருந்து ஒருத்தரை வெச்சுக்கலாம்.

நாம காத்திருக்க வேண்டியதில்ல. ஜூனியர்ஸ், உங்களுக்கு மூணு விஷயம். அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கும்போது இன்டர்நெட்ல ரெடியா இருக்கிற டேட்டாசெட்டை எடுக்காதீங்க. பெரியகுளத்துல ஒரு பேராசிரியரை எக்ஸ்டர்னல் கைடா கேளுங்க, நம்ம பள்ளத்தாக்கு நோய் ஒண்ணே ஒண்ணை எடுத்து உறுதி செஞ்ச படம் 500 சேருங்க. அது இருந்தாலே அடுத்த பேட்ச் உங்க மேல நின்னு கட்டலாம். ரெண்டாவது, நம்ம கேம்பஸ் மரங்களுக்கு நம்பர் போட்டு ஒரு ரெஜிஸ்டர் தொடங்குங்க: சுற்றளவு, பொந்து, அடிச்ச ஆணி, வேர் மேல போட்ட சிமென்ட். ஒரு என்.எஸ்.எஸ். கேம்ப்ல முடியும். மூணாவது, ஊருக்குப் போகும்போது கவாத்து வேலை பார்க்கிற ஒருத்தரோட ஒரு நாள் கூடவே இருங்க. எதை வெச்சு கிளையைத் தேர்ந்தெடுக்கிறார்னு எழுதிட்டு வாங்க. எந்தப் பாடப்புத்தகத்துலயும் அது இல்லை.

பேர் கொடுக்க விருப்பம் இருக்கிறவங்க இதழ்க் குழுவுக்கு எழுதுங்க. முதல் பத்துப் பேர் சேர்ந்ததும் ரெஜிஸ்டர் வேலையை கேன்டீன் பக்கத்து வேப்பமரத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.